ஆறு நாற்பதுக்கு எரிகிறது

வசுமதியின் இரைப்பையில் அமிலத்தையும் சுற்றியுள்ள சத்தத்தையும் பதிவுசெய்யும் அரிசியளவு மின்னணுச் சில்லு ஒன்றைப் பொருத்தி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. நெஞ்செரிச்சலுக்காக அவள் காபியை விட்டாள், புளியை விட்டாள், தலையணையை உயர்த்திப் படுத்தாள். எரிச்சல் மட்டும் அவளை விடவில்லை.

ஞாயிறு காலை சில்லின் அறிக்கை வந்தது. கணவர் தணிகாசலம் உரக்கப் படித்தார்.

"காரணம் உணவு அல்ல. ஞாயிறு தவிர தினமும் மாலை 6.40 மணிக்கு, வாசல் மணி அடிக்கும்போது அமிலம் ஏறுகிறது."

அவர் அலுவலகத்திலிருந்து திரும்பும் நேரம் அது.

"நான் வந்தா உனக்கு எரியுதா?"

"நீங்க வர்றதால இல்லைங்க. வந்ததும் என்ன குறை சொல்லப் போறீங்களோன்னுதான்." கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "இருபத்தாறு வருஷமாச்சு."

மறுநாள் அவர் மணி அடிக்காமல், தன் சாவியால் கதவைத் திறந்துகொண்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது சோறு குழைந்திருந்தது. ரசத்தில் உப்பு இல்லை. வாய்வரை வந்த சொல்லைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினார்.

"ஒண்ணும் சொல்லலையா?" என்று வசுமதி பயந்தபடி கேட்டாள்.

"நல்லாருக்கு."

சொல்லிவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார். முதல்முறையாக அவருக்கு அங்கே எரிந்தது. அவள் தன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.