பங்கு ஏறும்

பீடோங் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கதிரவேலு, ஜப்பான்காரன் வருவதற்கு முந்தைய ஆங்கிலப் பத்திரிகைகளை மடியில் விரித்து, ரப்பர் கம்பெனியின் பங்கு விலைகளை விரலால் தடவிக்கொண்டிருக்கிறார். அவித்த மரவள்ளியின் பசை விரல் போன இடமெல்லாம் ஒட்டுகிறது. ஈக்கள் விலைகளின்மேல் உட்கார்கின்றன. படிக்குக் கீழே, வெயிலில், காலிப் பால் டின்னோடு தோட்டக் கூலி இராசாத்தி நிற்கிறாள். ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்கு அவள் புருஷனைச் சுட்டிக் காட்டியதும் இதே விரல்தான். “முப்பத்திரண்டாம் ஆண்டிலை விழுந்தது, பிறகு எழும்பினது. சண்டை முடியட்டும் பிள்ளை, பங்கு ஏறும்” என்கிறார். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பங்கு என்றால் ரேஷன் அரிசி. “ஏறுதுங்களா?” டின்னை நீட்டுகிறாள். “தலைக்கு எவ்வளவுங்க?” கதிரவேலு குலுங்கிச் சிரிக்கிறார், வாயிலிருந்த மரவள்ளி பத்திரிகையில் தெறிக்கிறது. “அரிசியில்லை, கம்பெனிப் பங்கு! சயாமுக்குப் போன சனம் வராட்டிலும் புது ஆட்கள் வருவினம், விலை ஏறும். பழைய விலையைப் பார்த்தால் தெரியும்.” நீட்டிய டின் அப்படியே நிற்கிறது. “யாருங்க வராட்டி?” என்கிறாள். கதிரவேலு தெறித்த துணுக்கை விலையின்மேலிருந்து விரலால் ஒற்றியெடுத்து நக்கிக்கொள்கிறார்.