ஓடைக்கரைச் சூலம்

சூலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்த காமினி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பின்னால் வந்த ஆறு ஏடிவிகளும், காட்டுப் பாதைக்கான அந்த நாலுசக்கர வண்டிகள், ஒவ்வொன்றாக அடங்கின. ஜார்ஜ் டவுனிலிருந்து வந்திருந்த வாடிக்கையாளர்கள் சத்தம் காட்டாமல் ஒரு நிமிடம் நின்றார்கள். பிறகு ஓடையைச் சுற்றிக்கொண்டு மரப்பாலத்துக்குப் போகும் பாதையில் அவளைத் தொடர்ந்தார்கள்.

பாலிக் பூலாவ் மலைக்காட்டில் அந்த ஓடைக்குச் சூலம்தான் காவல். 'ஓடைக்குள் வண்டி விடாதீர்' என்று மூன்று மொழியில் எழுதி வைத்த பலகையை ஒருவரும் மதித்ததில்லை. மஞ்சள் துணி சுற்றிய சூலத்தை எல்லாரும் மதித்தார்கள்.

போன வருடம் இந்தக் காட்டுச் சவாரித் தொழிலை விலைக்கு வாங்கிய மோகனராஜுக்கு அதுதான் எரிச்சல். இதே தொழில் செய்யும் மற்றவர்கள் எல்லாம் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு வண்டி பறக்கும் வீடியோவைக் காட்டி ஆள் பிடிக்கிறார்கள். இவரிடம் வருகிறவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

காமினி ஷெட்டில் உட்கார்ந்து, உடைந்த பம்பருக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார். சனிக்கிழமை பெரிய கூட்டம் வருகிறது, வண்டியை ஓடையில் இறக்கிக் காட்ட வேண்டும் என்றார். அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"மாட்டேன் பாஸ்."

"பத்தே அடிதானலா. என்ன ஆயிரப் போவுது?"

"கரை உடையும். தவளை முட்டையெல்லாம் சக்கரத்துல நசுங்கிப் போயிரும். கீழ தோட்டத்துல குடிக்கிற தண்ணி சேறாயிரும். சூலத்துல முனியாண்டி வேற உக்காந்திருக்காரு."

முதல் மூன்றையும் மோகனராஜ் காதில் வாங்கவே இல்லை. நாலாவதைக் கேட்டதும் கொஞ்சம் அடங்கினார். தைரியம் இருந்திருந்தால் அவரே ஒரு வண்டியை இறக்கியிருக்கலாம். அவருக்கும் முனியாண்டி என்றால் உள்ளுக்குள் உதறல்தான்.

மறுநாளே புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தங்கராஜு பூசாரியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். முறைப்படி பூசை போட்டுச் சாமியை வேறு இடத்தில் குடிவைத்துவிட்டால், இந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஒரு சாக்கும் இருக்காது என்பது அவர் கணக்கு.

"சாமி எடம் மாறுனதும் முதல் வண்டி நீதான் எறக்குற. இல்லேன்னா சாவிய வச்சுட்டுப் போயிரு," என்றார் ஓடைக்கரையில் நின்றபடி.

காமினி வண்டியிலிருந்து சாவியை உருவி, சீட்டின் மேல் வைத்தாள். ஏழு வருடமாகப் பார்த்துவந்த வேலை. அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"இந்தாங்க. சாமி இருந்தாலும் போனாலும் ஓடைக்குள்ள நான் வண்டி விட மாட்டேன். வேற யாராவது விட்டா, முன்னால நான் வந்து நிப்பேன்."

பூசாரி குந்தி உட்கார்ந்து மஞ்சள் துணியை விலக்கினார். சூலத்தின் மூன்று முனைகளும் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பிக் காமினியை ஏற இறங்கப் பார்த்தார். அவள் பார்வையை ஓடைப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இதை யாரும் தொடக் கூடாது," என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்தார். "இந்தச் சூலம் இங்கதான் நிக்கணும். இது நிக்கிற வரைக்கும் தண்ணிக்குள்ள சக்கரம் எறங்கக் கூடாது. மீறி எறக்குனா, அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

மோகனராஜின் முகம் வெளுத்துவிட்டது. சீட்டின் மேல் கிடந்த சாவியை அவரே எடுத்துக் காமினியின் கையில் திணித்தார். இடம் மாற்றும் பூசைக்கென்று வாங்கி வந்த தேங்காயையும் சூடத்தையும் இங்கேயே வைத்துக் கும்பிட்டுவிடலாம் என்று காரை நோக்கி ஓடினார்.

அவர் தலை மறையும்வரை பூசாரி காத்திருந்தார். மஞ்சள் துணியைப் பழையபடி இழுத்து மூடிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"வெல்டிங் நல்லா போட்டிருக்க தங்கச்சி, எங்க ஊரு ஓடைக்கும் ஒண்ணு செஞ்சு குடு."