பெயர் கேட்ட எழுத்து

ஒரு பழைய சீன அகராதியின் கடைசிப் பக்கங்களில் முப்பது கோடுகள் கொண்ட ஓர் எழுத்து இருந்தது. அகராதி செய்தவர்கள் அதற்குக் கீழே, ‘உச்சரிப்பு தெரியவில்லை, பொருள் தெரியவில்லை’ என்று அச்சிட்டிருந்தார்கள்.

ஒருநாள், காகிதத்தைத் தின்றுகொண்டே வந்த புத்தகப்பூச்சி அதன் அருகில் நின்றது.

“உன் பேர் என்ன?”

“தெரியாதுங்க. என்னை யாரும் வாய்விட்டுப் படிச்சதே இல்லை.”

“உனக்குள்ள மூணு குறி இருக்கு. இடது பக்கம் மீன், வலது பக்கம் வீடு, மேலே மழை. வீட்டுக்குள்ள மீன் வர்ற அளவுக்கு மழையா?”

“இருக்கலாம். மீனோட வீட்டுக் கூரை ஒழுகுதோன்னும் சில நாள் தோணும்.”

பூச்சிக்குத் தலை சுற்றியது. “எனக்குப் பசிக்குது. உன்னைத் தின்னுடறேன்.”

“ஒரே ஒரு தடவை யாராவது என் பேரைச் சொல்லிக் கேட்டுக்கிறேன். அப்புறம் தின்னுங்க.”

பூச்சி பாவப்பட்டுக் காத்திருந்தது. நான்காம் நாள், கண்ணாடி போட்ட ஒருவர் அகராதியைத் திறந்து, அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். கீழே இருந்ததைப் படித்தார். எழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“ப்ச்” என்று சொல்லி அவர் அகராதியை மூடிவிட்டார்.

“கேட்டீங்களா? என் பேர் ப்ச்!” என்று எழுத்து துள்ளியது.

“அது பேர் மாதிரி தெரியலையே.”

“என் மேல விரலை வச்சுக்கிட்டுத்தானே சொன்னார்?”

“சரி, அர்த்தம்?”

“அதைச் சொல்லலை. ஆனா தலையை ஆட்டிப் பெருமூச்சு விட்டார். சாதாரண விஷயமா இருக்காது.”

பூச்சி கடிக்க வாயைத் திறந்தது. மனம் வரவில்லை. “ப்ச்” என்று அலுத்துக்கொண்டு திரும்பி நடந்தது.

“கூப்பிட்டீங்களா?” என்றது எழுத்து.