முதல் குலவைக்காரி

குலவையைப் பெண்கள் காதால் கேட்டுத்தான் பழகுகிறார்கள் என்று மூன்று வருட ஆய்வில் நூறு பக்கம் எழுதியிருந்தேன். முளைப்பாரி ஊர்வலத்தில் முதல் குலவை போடும் செம்பாயிதான் என் பெரிய சான்று. என்னோடு சேர்ந்து அந்த ஊரில் ரத்த மாதிரி எடுத்த மரபணு ஆய்வாளர் மெர்சி ஒருநாள் செம்பாயியின் அறிக்கையை நீட்டி, "இவங்களுக்குப் பிறவியிலேயே காது கேட்காதே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. என் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னது செம்பாயியின் அக்கா வெள்ளத்தாயி. செம்பாயி பேசாததைக் கூச்சம் என்று குறித்துவைத்திருந்தேன், மடச்சி.

செம்பாயியை மூளை ஸ்கேனில் படுக்கவைத்து, பெண்கள் குலவை போடும் வீடியோவைக் காட்டினோம். திரையில் அவள் மூளையின் கேட்கும் பகுதி பளிச்சென்று ஒளிர்ந்தது. வேறு யாருடைய படமோ வந்துவிட்டது என்று மெர்சி பெயரை இரண்டு முறை சரிபார்த்தாள்.

"சின்னப்புள்ளையில எங்கம்மா இவ கையை எடுத்துத் தன் தொண்டையில வச்சுக்கிட்டுத்தான் குலவை போடும், மேடம்" என்றாள் துணைக்கு வந்திருந்த வெள்ளத்தாயி.

எழுந்து வந்த செம்பாயி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். மெர்சியின் கையைப் பிடித்து இழுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு குலவையிட்டாள். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். மெர்சி கையை எடுக்கவே இல்லை. நான் இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டு என் முறைக்காக நின்றேன்.