தூக்கிய இறக்கை

கொக்கு டீச்சரின் வகுப்பில் ஆள்காட்டிக் குருவியின் குஞ்சு ஒன்றுதான் தீராத தலைவலி. காய்ந்த இலை விழுந்தாலும் "ஆபத்து!" என்று கத்தும். ஆட்டின் நிழலைப் பார்த்தாலும் கத்தும். உடனே காடைக் குஞ்சுகளும் வாத்துக் குஞ்சுகளும் சிதறி ஓடும். பாடம் பாதியில் நின்றுபோகும்.

வெளியே நிற்க வைத்தும் பார்த்தார். அம்மாவைக் கூட்டிவரச் சொல்லியும் பார்த்தார். கடைசியில், ஒரு திங்கட்கிழமை சொல்லிவிட்டார்:

"இன்னொரு தடவை கத்தினா பள்ளிக்கூடத்துப் பக்கமே வரக்கூடாது. பேசணும்னா இறக்கையைத் தூக்கு. நான் பேர் சொன்ன பிறகு வாயைத் திற. புரியுதா?"

"புரியுது டீச்சர்."

வெள்ளிக்கிழமை வரை ஒரு சத்தமும் இல்லை.

அன்று எல்லாக் குஞ்சுகளும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தன. டீச்சரின் முதுகுக்குப் பின்னால் கோரைப்புல் அசைந்தது. காட்டுப்பூனை! கடைசி வரிசையில் இருந்த ஆள்காட்டிக் குஞ்சு, தொண்டை வரை வந்த சத்தத்தை விழுங்கிவிட்டு, ஒரு இறக்கையைத் தூக்கியது.

பூனை வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தது.

குஞ்சு இன்னொரு இறக்கையையும் தூக்கியது.

டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. "எல்லாரும் பின்னாடி திரும்பி இவனைப் பாருங்க. ஒரு வாரத்துல எப்படித் திருந்திட்டான்! நல்லா இறக்கை தட்டுங்க."

வகுப்பே கோரைப்புல்லுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, படபடவென்று தட்டியது.

"கொஞ்சம் பொறு கண்ணு," என்றார் டீச்சர். "தட்டி முடிக்கட்டும். முதல்ல உன்னைத்தான் கூப்பிடுவேன்."