பாலத்தடிப் பலகை

களைக்கொல்லி மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு பாலத்தடிக்கு வந்த கிளெனிஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

போன கோடையில் வெட்டிய பிளாக்பெர்ரி முட்புதர், கிப்ஸ்லாந்து வட்டாரத்து மழையைக் குடித்து ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்தது. பாதையில் பாதியைக் காணோம்.

ரயில் நின்றுபோய், தண்டவாளத்தைப் பிடுங்கி, சைக்கிள் பாதையாக்கிய நாளிலிருந்து பராமரிப்புக் குழுவுக்கு அவள்தான் தலைவி. மற்ற இடமெல்லாம் சுத்தமாகிவிட்டது. இந்த ஓர் இடம் மட்டும் அவள் உயிரை வாங்கியது.

முள் கிழித்து ஒரு சைக்கிள்காரர் விழுந்ததிலிருந்து நகரசபையும் கறாராகிவிட்டது. இந்தக் கோடைக்குள் புதர் ஒழியாவிட்டால் பாலத்தை வேலி போட்டு மூடிவிடுவார்களாம். பாலம் போனால் பாதையே போனதுபோலத்தான்.

குழுவில் இருக்கும் வால்டாவைக் குறை சொல்லவும் முடியாது. இந்த இடத்துக்கு மருந்து அடிக்கும் பொறுப்பை ஆறு வருடமாக அவளே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். 'மருந்து அடித்திருக்கிறது, பழத்தைத் தின்னாதீர்கள்' என்ற பலகையையும் மறக்காமல் நடுகிறாள். மருந்தில்தான் வீரியமில்லை என்று அவளும் அலுத்துக்கொள்வாள்.

அவளிடம் எப்படிக் கடுமையாகப் பேசுவது? குழு கூடும்போதெல்லாம் ஸ்கோன் ரொட்டியும், ஊர்க் கண்காட்சியில் வருடம் தவறாமல் முதல் பரிசு வாங்கும் தன் பிளாக்பெர்ரி ஜாமும் கொண்டுவருகிறவள். அந்த ஜாடியை வழித்துத் தின்பதில் கிளெனிஸ்தான் முதல் ஆள்.

இன்று தானே அடித்து இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று மருந்தை இரண்டு மடங்கு கலந்தாள்.

அடித்த இடம் தெரிய இளஞ்சிவப்புச் சாயமும் சேர்ப்பது வழக்கம். பலகைதான் நிற்கிறதே, யார் தின்னப்போகிறார்கள் என்று சாயத்தை விட்டுவிட்டாள்.

இலை, தண்டு, கறுத்துத் தொங்கிய பழம், எதையும் விடாமல் ஆத்திரம் தீர அடித்தாள்.

புதருக்கு அந்தப் பக்கம் கிளை அசைந்தது. யாரோ மெல்லும் சத்தம் கேட்டது.

"யாருங்க அங்க? தின்னாதீங்க, மருந்து அடிச்சிருக்கு."

பதிலுக்குச் சிரிப்பு வந்தது. வால்டாவின் சிரிப்பு.

"பயப்படாதீங்க. எவனும் பறிக்கக் கூடாதுன்னு அந்தப் பலகைய நட்டதே நான்தான். ஆறு வருஷமா இதுல ஒரு சொட்டு மருந்து பட்டதில்ல. நீங்களும் ரெண்டு வாயில போட்டுக்குங்க, வெளிய மட்டும் சொல்லிடாதீங்க."

கிளெனிஸின் முதுகில் இருந்த டேங்க் காலி.