பீரோவில் இடம்

கோதண்டபாணி துணைத் தாசில்தாராக ஓய்வுபெற்றவர்; தாசில்தார் என்றே சொல்லிக்கொள்வார். மகன் இளம்பரிதி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய எலும்புக்கூடு அவர் வீட்டு மர பீரோவில் இருந்தது. முதல் வருடத்திலேயே நான்கு முறை தோற்று அவன் வீடு திரும்பிவிட்டதை மட்டும் அவர் ஊருக்கு இன்னும் அறிவிக்கவில்லை. விருந்தாளிகள் வந்தால் எலும்புக்கூட்டை எடுத்து ஹாலில் நிறுத்துவார். காலியான பீரோவில் மகனை உட்காரவைத்துச் சாத்துவார்.

மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். “உங்க பையன் எங்கே?”

“ஹாஸ்டல்ல. ஃபைனல் இயர். மூச்சு விட நேரமில்ல அவனுக்கு.”

மாப்பிள்ளையின் அப்பா எழுந்துபோய் எலும்புக்கூட்டை மரியாதையாகப் பார்த்தார். கேசரி தீர்வதற்குள் சம்பந்தம் முடிவாகிவிட்டது.

அவர்கள் போனதும் கோதண்டபாணி பீரோவைத் திறந்தார். “முடிஞ்சுதுடா. வெளிய வா.”

முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த மகன் கேட்டான். “தங்கச்சிக்குப் பொரி போட நான் வரலாமில்லப்பா? அண்ணன்தானே போடணும்.”

“மண்டபத்துல யாராவது பிரஷர் பாருன்னு கையை நீட்டினா என்னடா செய்வே?”

அவர் எலும்புக்கூட்டை உள்ளே வைக்கத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அது ஹால்லயே நிக்கட்டும்பா” என்று சொல்லி, கதவை உள்ளிருந்தே இழுத்துச் சாத்திக்கொண்டான்.